தலையில் வைத்த கை

வலி வந்தால் மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போவான், மருந்து எடுப்பான், இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். எனக்கு வந்த வலிக்கு மருந்து தலையில் கை வைப்பது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நான் சொல்வது சத்தியம்.

முதலில் பிடரியில்தான் தொடங்கியது. கழுத்துப் பிடித்துவிட்டது, தலையணை சரியில்லை என்று நினைத்தேன். பிறகு அது தோள்பட்டைக்குப் பின்னால் இறங்கி, வலது கையின் வெளிப்பக்கமாக ஓடி, பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் போய் நின்றது. சும்மா நிற்கவில்லை. கரண்ட் அடித்த மாதிரிச் சுரீரென்று வரும். பிறகு அந்த இரண்டு விரல்களும் விறைத்துப்போகும். சேட்டுப் பொத்தானைக்கூடப் பூட்ட முடியாது. கையைத் தொங்கவிட்டால் கூடும். நடந்தால் கூடும். எஞ்சின் கயிற்றை இழுத்தால், அப்பப்பா, கண்ணுக்குள் பூச்சி பறக்கும்.

என் பெயர் இக்னேசியஸ். ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உட்துறைமுகத்தின் கரையோரம் எங்கள் வீடு. பைபர் போட் ஒன்று, எஞ்சின் ஒன்று, கொஞ்சம் வலை. நானும் என் மகன் ஜக்சனும் பின்னேரத்தில் வெளிக்கிட்டுக் கொட்டியாரக் குடாவில் வலை விட்டு, விடிந்த பிறகு மீனோடு திரும்புவோம். சின்ன வயதிலிருந்து நான் செய்த தொழில் இது ஒன்றுதான். கடலில் நான் ஒரு ஆள். கரையில் என்னை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை, என் வீட்டு நாயும் சேர்த்து.

ஒருநாள் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது கை நெருப்பாய் எரிந்தது. வலையை விட்டுவிட்டு அப்படியே குந்திவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல், அலுப்பில், வலது கையைத் தூக்கித் தலையில் வைத்தேன். குழாயைப் பூட்டினது போல வலி நின்றது. நம்ப முடியவில்லை. கையை இறக்கினேன், வந்தது. தலையில் வைத்தேன், போனது. மறுபடி இறக்கி மறுபடி வைத்துப் பார்த்தேன்.

"டேய் ஜக்சன், இஞ்ச பாரடா ஒரு புதினத்த."

அவன் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அப்பா, கைய எடுங்கோ. பாக்கேலாமக் கிடக்கு."

அவன் சொன்னதிலும் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் தலையில் கை வைப்பது செத்த வீட்டில்தான். அல்லது குடி முழுகிப்போன வீட்டில். பிள்ளைகள் விளையாட்டுக்கு வைத்தாலும் படாரென்று தட்டிவிடுவார்கள். சைவ ஆட்கள், வேதக்காரரான நாங்கள், முஸ்லிம் ஆட்கள், இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒற்றுமை. எங்கள் சுவாமியார் பிரசங்கத்தில் மூடநம்பிக்கை கூடாது என்று விளாசித் தள்ளுவார். ஆனால் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அடுத்த நாள் வீட்டு முன்னறையில் கதிரையில் இருந்து, கையைத் தலையில் வைத்துக் கண்ணை மூடியிருந்தேன். சுகமாக இருந்தது. என் மனைவி மாகிரட் குசினியிலிருந்து தேத்தண்ணீரோடு வந்தாள். கோப்பையை மேசையில் அவள் வைத்த சத்தத்தில் நான் கதிரையோடு விழப் பார்த்தேன்.

"ஆர் செத்தது? இஞ்ச ஆர் செத்தது எண்டு கேக்கிறன்! கைய எடுங்கோ!"

"கை நோகுதப்பா. இப்பிடி வைச்சாக் குறையுது."

"நோகுதெண்டா டொக்டரிட்டப் போங்கோ. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில இந்தக் கோலம் வேணாம்."

பிள்ளைத்தாச்சி எங்கள் மகள் மெலனி. அவளுடைய புருஷன் கட்டாரில் வேலை. தலைப்பிள்ளைப் பேறுக்கு எங்கள் வீட்டில் வந்து இருந்தாள்.

மாகிரட்டைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. சுனாமி அடித்த அன்று அவள் தன் தம்பியைத் தேடிப் போன தகப்பனுக்காக வாசலில் காத்து நின்றவள். வெகு தூரத்தில் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நடந்து வருவது தெரிந்தது. அவர் வாய் திறக்கவில்லை, திறக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தக் கையைக் கண்டதுமே தம்பி போய்விட்டான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அன்றைக்குப் பிறகு யார் தலையில் கை வைத்தாலும் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். போட் வந்து சேரும் இடத்துக்கும் அவள் வருவதில்லை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனாலும் வரமாட்டாள்.

தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் தீர்ப்பும் வந்துவிட்டது.

"கை ஏலாத ஆள் கடலுக்குப் போறதெண்டா நான் விடமாட்டன். சுகமாக்கிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி போட்ட வித்துப்போடுவம்."

போட்டை விற்பதாம்! மாகிரட் சும்மா சொல்கிறவள் அல்ல. ஒருமுறை என் சிகரட்டை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன். அப்படிப்பட்டவள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் ஒன்று பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை உரசுகிறது என்றார். மாத்திரை தந்து பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே ஹுஸ்னியா என்று ஒரு பிள்ளை. கிண்ணியாவிலிருந்து தினமும் வருகிறவள், மெலனியின் வயதுதான் இருக்கும்.

"படுங்கோ அங்கிள். கைய என்னட்டத் தாங்கோ. பாரத்த முழுக்க என்னில விடுங்கோ."

ஒரு கையால் என் தோள் மேலே எழும்பாமல் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் என் வலது கையைப் பக்கவாட்டில் விரித்தாள். மணிக்கட்டைப் பின்னால் மடித்தாள். பிறகு மடிந்திருந்த முழங்கையை மெல்ல மெல்ல நீட்டத் தொடங்கினாள். பாதி நீளுவதற்குள் என் தோள் அவளுடைய கையைத் தள்ளிக்கொண்டு காதுப் பக்கம் ஏறப் பார்த்தது. முழங்கை அப்படியே இறுகி நின்றது.

"இறுக்காதேங்கோ அங்கிள்."

"நான் எங்க இறுக்கினனான்?"

மறுபடி தொடக்கத்திலிருந்து நீட்டினாள். அதே இடத்தில் அதே இறுக்கம்.

"இப்ப நோகுதா?"

"இன்னும் இல்ல."

"நோகாமலே தோள் ஏறீட்டுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். "மிஸ், நான் இஞ்ச நடிக்க வரேல்ல. தொழில விட்டுப்போட்டு வந்தனான்."

அவள் கோபிக்கவில்லை. "நடிப்பெண்டு ஆர் சொன்ன? நீங்க இறுக்கேல்ல அங்கிள், உங்கட தசை தன்பாட்டில இறுக்குது. நரம்பு இப்ப சரியான ரோசத்தில இருக்கு. கொஞ்சம் இழுபட்டாலும் தாங்காது. நீங்க நோகுதெண்டு சொல்ல முதல், தசை ஓடி வந்து மறிக்குது. இன்னும் இழுத்தா நரம்புக்குக் கூடாதெண்டு அதுக்குத் தெரியுது."

"எனக்குத் தெரியாமலா?"

"ஓம், உங்களுக்குத் தெரியாமத்தான்."

பிறகு என் தலையை வலது பக்கம் சரிக்கச் சொன்னாள். கை இன்னும் கொஞ்சம் நீண்டது. தலையை இடது பக்கம் சரித்தேன், உடனே இறுகியது. என் உடம்புக்குள்ளே என்னைக் கேளாமல் இப்படியொரு காவல் நடக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். இத்தனை வருஷம் இந்த உடம்புக்கு நான்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன செய்தா நோ குறையுது?" என்று கேட்டாள்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுபடி கேட்டாள். கடைசியில் எழும்பி இருந்து, வெட்கத்தோடு கையைத் தலையில் வைத்துக் காட்டினேன்.

"யா அல்லாஹ்!" என்று பதறிப் பின்னால் போனாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்க அங்கிள். படிச்சதுதான், எண்டாலும் கண்டோடன திடுக்கிட்டுப் போகுது. எங்கட உம்மா கண்டா அடிச்சுக் கலைப்பா."

"அப்ப இது பிழையோ?"

"இல்ல, சரி. கைய மேல வைக்கக்க நரம்புக்கு இளக்கம் கிடைக்குது. வைங்க, நல்லது."

"வீட்டில வைக்கேலாது மிஸ்."

"ஏன்?"

"மனிசி."

அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப மனிசி இல்லாத இடத்தில வைங்க," என்றாள்.

இன்னும் எத்தனையோ சொன்னாள். நரம்பை இழுக்கக்கூடாது, மெல்ல அசையவிட வேண்டும் என்று ஒரு பயிற்சி காட்டினாள். முழங்கையை நீட்டும்போது தலையை அந்தப் பக்கமே சரிக்க வேண்டும், மடிக்கும்போது நேராக்க வேண்டும். எஞ்சின் கயிறு இழுக்கக்கூடாது. வலை இழுக்கக்கூடாது. கொஞ்ச நாளைக்குக் கடலுக்கே போகாவிட்டால் நல்லது. இத்தனையிலும் எனக்குப் பிடித்தது மனைவி இல்லாத இடத்தில் வைக்கச் சொன்னதுதான். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் மாகிரட் கேட்டாள். "என்னவாம்?"

"ஒண்டுமில்லயாம். சும்மா பிடிப்பு. இப்ப சுகம்."

"கைய நீட்டுங்கோ பாப்பம்."

தலையை மெல்ல அந்தப் பக்கம் சரித்துக்கொண்டு நீட்டினேன். அவள் நம்பிவிட்டாள். போட் தப்பியது.

அன்று தொடங்கி வீட்டில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு திரிந்தேன். சோற்றைப் பிசைய விரல் வழங்காது. பசியில்லை என்று எழும்பிவிடுவேன். பயிற்சியைக் கக்கூசுக்குள் செய்தேன். வலது தோள் மட்டும் தன்பாட்டில் காதடிக்கு ஏறி நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, றோட்டில் நின்ற பக்கத்துப் போட்காரன் அருளம்பலம், "என்ன இக்னேசியஸ், ஒரு பக்கத் தோள் உயந்து போச்சு, மருமோன் கட்டார்க் காசு அனுப்பிறானோ?" என்று நக்கலடித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடலில்தான் எனக்கு விடுதலை. கயிறு இழுப்பதும் வலை இழுப்பதும் ஜக்சன். நான் இடது கையால் எஞ்சின் பிடியைப் பிடித்து ஓட்டுவேன், வலது கை என் தலையில் இருக்கும்.

"அம்மாட்டச் சொல்லிப்போடுவன்," என்பான் அவன்.

"சொன்னியெண்டா உன்ன போட்டில ஏத்தமாட்டன்."

"ஏத்தாட்டி ஆர் கயிறு இழுக்கிறது?"

கரை தெரியத் தொடங்கியதும் கையை இறக்கிவிடுவேன், அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

அன்றைக்கு வலையில் நல்ல பாரை மீன். இழுத்த இழுப்பில் ஜக்சன் களைத்துப்போனான். திரும்பி வரும்போது வலைக்கு மேலே படுத்து, வெயிலுக்குத் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து முகத்தையும் மூடிக்கொண்டு நித்திரையாகிவிட்டான். என் கை அன்று ஒரேயடியாகக் கொதித்தது. துறைமுகத்துக்குள் திரும்பிய பிறகும் கையை இறக்க மனம் வரவில்லை. கரையில் யார் நிற்கப் போகிறார்கள், மீன் எடுக்கும் ஸைனுலாப்தீனும் நாலைந்து பேரும்தானே, மாகிரட் வரப் போவதில்லையே என்று இருந்துவிட்டேன்.

ஸைனுலாப்தீன் கிண்ணியா ஆள். மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு தினமும் வருவார். கரையில் நின்ற அவர், கண்ணுக்கு மேலே கையை வைத்து எங்கள் போட்டைப் பார்ப்பது தெரிந்தது. பிறகு பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டார். எல்லாரும் தண்ணீர் விளிம்புக்கு வந்தார்கள். மீனைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கு நடுவே ஒரு பெண் வெளியே போகிற நல்ல சீலை உடுத்து நின்றாள். யார் என்று உற்றுப் பார்த்தேன். மாகிரட்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய இரண்டு கைகளும் எழும்பித் தலையில் போய் விழுந்தன.

கரைக்கே வராதவள். நல்ல சீலையோடு, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கோலத்தில். தலையில் இரண்டு கை. மெலனி! என் பிள்ளை போய்விட்டாள். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இருந்ததே, நேற்றுப் பின்னேரம்கூட எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தாளே. "ஐயோ என்ர ஆண்டவரே!" என்று கத்தினேன். இடது கையும் எஞ்சினை விட்டுவிட்டுத் தலைக்குப் போனது.

அதைக் கரையில் கண்டார்கள். ஓவென்று எழும்பிய அழுகை எஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. பிடி இல்லாத எஞ்சின் தன்பாட்டில் திரும்பியது. போட் வட்டமடித்து, கட்டிக் கிடந்த அருளம்பலத்தின் போட்டில் போய் டமாரென்று மோதியது. நான் மீனுக்குள் விழுந்தேன்.

படங்கு அசைந்தது. ஜக்சன் எழும்பி நின்றான்.

"அப்பா! என்ன விசரா உங்களுக்கு? எஞ்சினப் பிடியுங்கோ!"

கரை சத்தமில்லாமல் போனது. மாகிரட் அப்படியே தண்ணீருக்குள் குந்திவிட்டாள். நல்ல சீலை, எல்லாம் நனைந்தது.

"மெலனிக்கு என்ன?" என்று நான் கத்தினேன். "மாகிரட், பிள்ளைக்கு என்ன நடந்தது?"

அவள் வாய் திறந்து திறந்து மூடியது. பிறகு பேசினாள், பேசினாள் என்றால் கரை முழுக்கக் கேட்கப் பேசினாள்.

"பெட்டப் பிள்ள பிறந்திருக்கு! பெட்டப் பிள்ள! விடிய முதல் பிறந்தது. எத்தின தரம் போன் அடிச்சனான்! சந்தோஷத்தில சொல்லுவமெண்டு ஓடி வந்தா, தனியத் தலையில கைவைச்சுக்கொண்டு வாறீங்கள்! என்ர ஜக்சன் எங்க எண்டு..."

அதற்கு மேல் அழுகைதான். போன் இரண்டும் சாப்பாட்டு வாளிக்குள் பத்திரமாகக் கிடந்தன. எஞ்சின் சத்தத்தில் அவை கத்தியது யாருக்குக் கேட்டது?

நான் போட்டிலிருந்து குதித்து அவளிடம் போனேன். அவள் எழும்பி, வந்த வேகத்தில் என் நெஞ்சிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். ஒரு அடி வலது கையில் பட்டது. என் தோள் காதோடு போய் ஒட்டியது, கண்ணால் தண்ணீர் வந்தது. ஸைனுலாப்தீன், "அல்ஹம்துலில்லாஹ், விடுங்க தங்கச்சி, ரெண்டு உசிரும் இருக்கே," என்று எங்களை விலக்கிவிட்டார். மீனைப் பற்றி அன்று அவர் பேச்சே எடுக்கவில்லை. என் பேத்தி பிறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்த விதம் இது.

ஆஸ்பத்திரியில் பேத்தியைக் கையில் தந்தார்கள். இடது கையில்தான் வாங்க முடிந்தது. மாகிரட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டினால் எனக்குப் பழக்கம், பேசாமல் நின்றால் எனக்குக் கை கால் ஓடாது. பிறகு என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஹுஸ்னியாவிடம் போனாள்.

"மிஸ், இந்த மனிசனுக்குச் சுகமெண்டு நீங்கள் சொன்னனீங்களோ?"

ஹுஸ்னியா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"படுங்க அங்கிள்," என்றாள். பிறகு மாகிரட்டைக் கூப்பிட்டாள். "அன்ரி, நீங்களும் வாங்க. உங்கட கைய இஞ்ச வைங்க."

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் சதையில் மாகிரட்டின் உள்ளங்கையை வைத்தாள். பழையபடி என் கையை விரித்து, மணிக்கட்டை மடித்து, முழங்கையை நீட்டத் தொடங்கினாள். அதே இடம் வந்தது. நான் இன்னும் வலியென்று சொல்லவில்லை. மாகிரட் சட்டென்று கையை எடுத்தாள், பிறகு திரும்ப வைத்தாள்.

"துள்ளுது," என்றாள். "இவரோ செய்யிறார்?"

"இல்ல அன்ரி. அவருக்குத் தெரியாமலே வாறது."

"இன்னொருக்காச் செய்யுங்கோ."

இன்னொருமுறை செய்தாள். இந்த முறை மாகிரட் கையை எடுக்கவில்லை. சோதனை முடிந்து ஹுஸ்னியா எழுதப் போன பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. ஈரம் காயாத சீலையோடு, என் முகத்தைப் பார்க்காமல், தோளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "இவ்வளவு நாளும் இதோடயோ வீட்டில சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கு வராத அழுகை. "போட்ட வித்துப்போடுவியெண்டு பயந்தனான்," என்றேன்.

"போட் கிடக்கட்டும். சோத்த ஏன் மிச்சம் வைச்சனீங்கள் எண்டு இப்பதானே விளங்குது. நானும் சமையல் சரியில்ல எண்டு நினைச்சன்."

ஹுஸ்னியா இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பெருவிரலுக்குப் பலம் திரும்பும் வரை கடல் இல்லை. பலம் இன்னும் குறைந்தால் ஒப்பரேஷன் பற்றி டொக்டர்தான் பேச வேண்டும். மாகிரட் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். கடைசியில் குரலைத் தணித்து, "தலையில கைவைக்கிறது உண்மையா நல்லதோ மிஸ்?" என்று கேட்டாள்.

"நரம்புக்கு நல்லது அன்ரி."

"மற்றதுகளுக்கு?"

"அது எனக்குப் படிப்பிக்கேல்ல," என்று ஹுஸ்னியா சிரித்தாள்.

வீட்டில் எனக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் நான் கையைத் தூக்கினால் மாகிரட் குசினிக்குள் போய்விடுவாள். போய் நிற்கும் சத்தம் கேட்கும், வேலை செய்யும் சத்தம் கேட்காது. பேத்தியைப் பார்க்கப் பவுடர் பெட்டியோடு வந்த பக்கத்து வீட்டு ஜெயரூபி, முன்னறையில் என் கோலத்தைக் கண்டு, வாசல் படலையடியிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். மாகிரட் வெளியே பாய்ந்தாள். "அவருக்கு நரம்படி! நரம்பு! பிள்ள நல்லா இருக்கு. போய் ஊரெல்லாம் சொல்லு, இந்த வீட்டில மனிசன் தலையில கைவைச்சா நரம்பெண்டு!" சொல்லிவிட்டு உள்ளே வந்து, என்னைப் பாராமல், மறுபடி குசினிக்குப் போனாள். அவளுக்குப் பயம் போகவில்லை. சுனாமியில் வந்த பயம், நான் விளக்கம் சொல்லிப் போகக்கூடியதா?

கடலுக்கு ஆள் வேண்டும் என்று ஸைனுலாப்தீன் தன் மருமகன் ஹஸ்மியைக் கொண்டுவந்து விட்டார். நான் இல்லாமல் ஜக்சன் முதல்முறை வெளிக்கிட்ட பின்னேரம், நான் கரைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. என் போட் நான் இல்லாமல் போவதைப் பார்க்கவும் முடியாது, பார்க்காமல் விடவும் முடியாது. திரும்பிப் பார்த்தால் பின்னால் மாகிரட்டும் வந்துகொண்டிருந்தாள்.

போட்டைத் தள்ளினார்கள். எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. படுபாவி எஞ்சின், எனக்கு ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. நின்றுகொண்டிருந்ததில் என் கை கொதிக்கத் தொடங்கியது. முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்தேன். அதற்கும் கேட்கவில்லை. விரல் நுனி வரை சுரீர் சுரீரென்று இறங்கியது. ஆனாலும் போட் வெளிக்கிட்டுப் போகும்போது கரையில் நிற்கிறவர் தலையில் கை வைப்பாரா? எதிரிக்குக்கூட யாரும் செய்யமாட்டார்கள். அதிலும் போவது என் மகன். பல்லைக் கடித்தேன்.

மாகிரட் பக்கத்தில் வந்து நின்றாள். கடலைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. தோளைத்தான் பார்த்தாள்.

"ஏறுது," என்றாள்.

"பறவாயில்ல. போட் மறையட்டும்."

"எவ்வளவு நேரமா நோகுது?"

"மறையட்டுமெண்டு சொல்லுறன் மாகிரட்."

அவள் போட்டைப் பார்த்தாள். திரும்ப என் தோளைப் பார்த்தாள். உதடு அசைந்தது, அருள் நிறைந்த மரியே செபமாக இருக்க வேண்டும். பிறகு என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். நான் உதறுவதற்குள் அதைத் தூக்கி என் தலையில் வைத்தாள். மேலே தன் கையையும் வைத்து அழுத்தினாள்.

"விடு மாகிரட்! பிள்ள இன்னும் கண்ணுக்குத் தெரியிறான்."

"தெரியட்டும்."

"உனக்குப் பயமில்லையா?"

"பயமாத்தான் இருக்கு. நெஞ்சு அடிக்கிறது உங்களுக்குக் கேக்கேல்லையோ? அதுக்காக உங்கள இப்பிடி நோக விட்டுட்டு நிக்கச் சொல்லுறீங்களோ?"

கரையில் நின்றவர்கள், ஹஸ்மியை ஏற்றிவிட வந்த ஸைனுலாப்தீனும் சேர்த்து, எங்களையே பார்த்தார்கள். என் கையிலிருந்து வலி மெல்ல இறங்கியது, தோளும் இறங்கியது. அவளுடைய கை மட்டும் என் கைக்கு மேல் அப்படியே அழுத்திக்கொண்டு இருந்தது.

போட்டில் ஜக்சன் திரும்பிப் பார்த்தான். எங்கள் கோலத்தைக் கண்டான். எழும்பி நின்று, தன் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"டேய் விசரா! கைய இறக்கடா!" என்று மாகிரட் போட்ட கத்தலில் ஸைனுலாப்தீன் தன் மீன்பெட்டியைத் தவறவிட்டார். ஒரு கையால் மகனைப் பார்த்து அடிப்பேன் என்று காட்டினாள். மற்றக் கையை என் தலையிலிருந்து எடுக்கவில்லை.